ஒன்பது வோல்ட் சங்கதிகள்: பெடல்போர்டு மின்னிணைப்பு – வாசகர் கேள்வி, பதில்

கிடாரின் ஒலியை மாற்றுவதற்காகக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளான பெடல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவற்றை வரிசையாக அடுக்கும் பலகைதான் பெடல்போர்டு. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் என்ன வேறுபாடு, எந்தப் பெடலை எதற்கு முன்னால் வைப்பது என்பன போன்ற கேள்விகள்தாம் வரும் என்று எதிர்பார்த்திருக்க, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கரன்டைப் பற்றியே கேட்டிருந்தன. பெடல் வாங்க மாதக்கணக்கில் பணம் சேர்க்கும் நாம், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இருந்தேன். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் அடாப்டர் தரவில்லை. வீட்டில் பழுதான வைஃபை ரூட்டரின் 9 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கிறது. அதன் முனையும் பெடலில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதையே பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முனை பொருந்துவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்த அடாப்டரைப் பெடலில் செருக வேண்டாம். இரண்டிலும் இருப்பது 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒரே வகை முனைதான். 9 வோல்ட் என்பதும் ஒன்றுதான். ஆனால் ரூட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுத்துளை நேர்முனையாகவும் வெளியுறை எதிர்முனையாகவும் இருக்கும். இன்றைய கிடார் பெடல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இது தலைகீழாக, நடுவில் எதிர்முனையும் வெளியில் நேர்முனையுமாக இருக்கும்.

இந்தத் தலைகீழ் வழக்கம் பேட்டரி காலத்து ஏற்பாடு. பெடலில் கிடார் கேபிளைச் செருகினால்தான் பேட்டரி இயங்க வேண்டும் என்பதற்காக, பேட்டரியின் எதிர்முனையை உள்ளீட்டு ஜாக்கின் வழியாக இணைத்திருந்தார்கள். அடாப்டரைச் செருகியதும் பேட்டரி தானாக விலக வேண்டும் என்றால் மிச்சமிருக்கும் நேர்முனையைத்தான் துண்டிக்க வேண்டும். அடாப்டர் ஜாக்கிலோ, துண்டிக்கும் வசதி வெளியுறையைத் தொடும் தகட்டில்தான் இருக்கிறது. ஆகவே நேர்முனை வெளியே வந்தது, எதிர்முனை நடுவுக்குப் போனது. பேட்டரி போட இடமே இல்லாத சின்னஞ்சிறு பெடல்கள் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை.

உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலைதான். அதை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு ஊசியை அடாப்டர் முனையின் நடுத்துளைக்குள்ளும் கறுப்பு ஊசியை வெளியுறையிலும் வையுங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. திரையில் 9 என்ற எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அது பெடலுக்கு ஏற்றது; குறி இல்லாமல் வந்தால் ரூட்டரின் பெட்டிக்கே திரும்பட்டும். 9 என்று அச்சிட்ட அடாப்டரில் 13, 14 என்று காட்டினால், அது மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தாத பழைய வகை என்று பொருள். நிறைய மின்னோட்டத்தை இழுக்கும் கருவியில்தான் அது 9 வோல்ட்டுக்கு இறங்கும். நான்கைந்து மில்லி ஆம்பியர் மட்டுமே இழுக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு ஏறக்குறைய அந்த 13 வோல்ட்டையே கொடுக்கும்.

ஒருவேளை கடிதம் எழுதும் முன்பே செருகிப் பார்த்திருந்தால் (பொருந்துகிறது என்று எழுதியிருப்பதால் எனக்கு அந்த ஐயம் உண்டு), பெடல் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல பெடல்களில் மின்வழியின் குறுக்கே, ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும் டயோடு ஒன்று இருக்கும். திசை மாறி மின்சாரம் வந்தால் அது முழுவதையும் தன் வழியே ஓடவிட்டு, மற்ற பாகங்களைக் காத்துத் தான் கருகிவிடும். ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த டயோடை மாற்றினால் பெடல் உயிர்பெற்றுவிட வாய்ப்புண்டு.

கடைசியாக ஒன்று: அடாப்டரில் டிசி என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1999இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் பச்சை நிற டிஎல்4 டிலேயும் (எதிரொலி தரும் பெடல்), சுருதியை ஏற்றி இறக்கும் டிஜிடெக் வாமியின் ஐந்தாம் பதிப்புக்கு முந்தைய வகைகள் சிலவும் ஏசி மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றின் அடாப்டரைச் சாதாரணப் பெடலில் மாற்றிச் செருகிவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறேன். டியூனர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் ஆகிய நான்கு பெடல்களுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து பல முனைகளாகப் பிரியும் கேபிள் வழியாகக் கரன்ட் கொடுத்து வந்தேன். எந்தத் தொல்லையும் இல்லை. சென்ற மாதம் டிஜிட்டல் டிலே ஒன்றைச் சேர்த்தேன். அன்றிலிருந்து, டிஸ்டார்ஷனை மிதித்ததும் கொசு ரீங்கரிப்பதுபோல ஒரு மெல்லிய கூவல் கேட்கிறது. டிலேயை அணைத்து வைத்தாலும் நிற்பதில்லை. டிலே பெடல் பழுதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: டிலே நன்றாகத்தான் இருக்கும், அதைக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். இந்த மாதம் இதே புலம்பல் வேறு சில கடிதங்களிலும் வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மின்சாரம் பெடலுக்குள் போவதை மட்டும் பார்க்கிறோம். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். டெய்சி செயின் எனப்படும் உங்களுடைய அந்தக் கிளைக் கேபிளில் ஐந்து பெடல்களுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். போதாக்குறைக்கு, பெடலுக்கும் பெடலுக்கும் நடுவே நீங்கள் போடும் பேட்ச் கேபிளின் வெளி உறையும் அதே எதிர்முனையோடுதான் இணைந்திருக்கிறது. ஆகவே திரும்பும் மின்னோட்டம் கரன்ட் கேபிளிலும் ஓடும், ஒலி செல்லும் கேபிளின் கிரவுண்டான அந்த உறையிலும் ஓடும்.

டிஸ்டார்ஷன் போன்ற அனலாக் பெடல்கள் சீரான, மிகச் சிறிய ஓட்டத்தையே இழுக்கின்றன. டிஜிட்டல் டிலேக்குள் இருப்பதோ ஒரு சிறு கணினி. அதன் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப ஓட்டம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும். மிதித்து அணைத்தாலும் ஒலிதான் விலகிப் போகிறதே தவிர உள்ளே கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கூவல் நிற்காததற்குக் காரணம் அதுதான். திரும்பும் வழியிலுள்ள கம்பிக்கு 0.05 ஓம் மின்தடை இருப்பதாகவும், டிலேயின் ஓட்டம் 20 மில்லி ஆம்பியர் ஏறி இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1 மில்லிவோல்ட். கிடாரின் பிக்கப் தரும் ஒலியே 100 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும் என்பதால், டிஸ்டார்ஷன் அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது இந்த 1 மில்லிவோல்ட்டும் கூடவே பெருகி, நீங்கள் வாசிக்காமல் இருக்கும் இடைவெளிகளில் கொசுவாக வந்து நிற்கிறது.

நான் சொல்வதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. டிஸ்டார்ஷன் பெடலில் மட்டும் கரன்ட் முனையைக் கழற்றிவிட்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு வாசியுங்கள். கூவல் போய்விட்டாலோ நன்றாகக் குறைந்துவிட்டாலோ, குற்றவாளி பகிர்வுதான். அப்படியானால் முதலில் செலவு குறைந்த வழியைப் பாருங்கள்: பழைய அடாப்டரும் கிளைக் கேபிளும் நான்கு பெடல்களுக்கு அப்படியே இருக்கட்டும், டிலேக்கு மட்டும் இன்னொரு 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுங்கள். எர்த்து இல்லாத இரண்டு தனி அடாப்டர்களின் எதிர்முனைகளுக்குள் நேரடித் தொடர்பு கிடையாது என்பதால், டிலேயின் ஓட்டம் தான் வந்த வழியிலேயே திரும்பிவிடும். வாரம் ஒரு முறை ஆலயத்தில் வாசிக்கும் ஒருவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. மேலும் இரண்டு, மூன்று டிஜிட்டல் பெடல்கள் வாங்கும் எண்ணமிருந்தால், ஒவ்வொரு வெளியீடும் மற்றதிலிருந்து தனித்திருக்கும் ஐசோலேட்டட் வகைப் பவர் சப்ளைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

டிஸ்டார்ஷனின் கரன்ட் வழியில் 47 ஓம் மின்தடை ஒன்றையும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் சேர்த்துச் சாலிடர் செய்துகொள்ளும் கைவேலைக்காரர்களும் உண்டு. ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலை அது தணிக்கத் தொடங்கும். 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெடலில் அதனால் கால் வோல்ட்கூடக் குறையாது. ஆனால் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் ரிவெர்ப் பெடலில் அதே 47 ஓமை வைத்தால் கணக்குப்படி 14 வோல்ட் இறங்க வேண்டும். 9 வோல்ட்டில் அது நடக்கிற காரியமா? கரன்ட் கேபிள் வழியாக வரும் இரைச்சலைத்தான் இது தடுக்கும், பேட்ச் கேபிளின் கிரவுண்டு வழியாக வருவதை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் பெடலில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தால் கருகிவிடாதா?
– வாசகர், கரூர்

பதில்: கருகாது. வோல்ட் என்பது அடாப்டர் கொடுப்பது. ஆம்பியர் என்பது பெடல் கேட்டு வாங்குவது. வோல்ட் ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் சுமார் 4 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவெர்ப் 300 கேட்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் வரும் அடாப்டர் 3 ஆம்பியர் திறன் உடையது. எல்லாமே 9 வோல்ட்தான். உங்கள் பெடல்களின் தேவையைக் கூட்டி, அதில் பாதியை மேலும் சேர்த்து, அந்தத் திறனுள்ள அடாப்டரை வாங்குங்கள்.

கேள்வி: பத்து வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கினேன். ஒவ்வொரு வெளியீடும் ஐசோலேட்டட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் இரைச்சல் குறையவே இல்லை. அச்சிட்டிருப்பது உண்மையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். பவர் சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்; பெடல்கள் எதுவும் அதில் இணைந்திருக்கக் கூடாது. முதல் வெளியீட்டிலும் இரண்டாம் வெளியீட்டிலும் ஒவ்வொரு கேபிளைச் செருகி, மறுமுனைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைக் கம்பித் தொடர்பு பார்க்கும் அளவில் (பீப் என்று ஒலிக்கும் அளவு) வைத்து, ஒரு ஊசியை முதல் முனையின் நடுத்துளையிலும் மற்றொன்றை இரண்டாம் முனையின் நடுத்துளையிலும் வையுங்கள். பீப் என்றால் இரண்டுக்கும் எதிர்முனை ஒன்றே. அதாவது பெட்டிக்குள் இருப்பது உங்களிடம் முன்பிருந்த கிளைக் கேபிள்தான். அழகான உறை ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். பத்து வெளியீடுகளையும் இப்படிச் சோடி சோடியாகப் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் ஒன்றிரண்டு வெளியீடுகள் மட்டும் உண்மையாகவே தனித்திருக்கும். அவற்றை டிஜிட்டல் பெடல்களுக்கு ஒதுக்கினால் கொடுத்த பணத்தில் கொஞ்சமாவது தேறும்.

தனித்தனியாக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்மாற்றியில் தனிச் சுற்று வேண்டும், அல்லது தனிச் சிறு மின்மாற்றியே வேண்டும். செலவு பிடிக்கும் வேலை அது. ஸ்ட்ரைமன் ஜூமா, சியாக்ஸ் டிசி7 போன்ற பவர் சப்ளைகளின் விலையைப் பார்த்து மலைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: நண்பர் ஒருவர் தாமே செய்த ஜெர்மேனியம் ஃபஸ் பெடலைப் பரிசாகத் தந்தார். பேட்டரியில் அருமையாக ஒலிக்கிறது. அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் போர்டு முழுவதும் அணைந்துவிடுகிறது. கழற்றினால் மீண்டும் எரிகிறது. என்ன மாயம் இது?
– வாசகர், திருச்சி

பதில்: நேர்முனையைக் கிரவுண்டாகக் கொண்ட பெடல் அது. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற தொடக்க காலப் பெடல்கள் பலவற்றில் பிஎன்பி வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினார்கள். அவற்றுக்கு ஏற்பப் பேட்டரியின் நேர்முனையே பெடலின் உலோகப் பெட்டியோடும் ஒலி கேபிளின் வெளி உறையோடும் இணைந்தது. உங்கள் நண்பர் அந்தப் பழைய மரபை மாற்றாமல் செய்திருக்கிறார். மற்ற பெடல்களில் அதே வெளி உறை எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. பேட்ச் கேபிள் இரண்டையும் இணைத்த கணமே அடாப்டரின் நேர்முனையும் எதிர்முனையும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்கின்றன. அடாப்டர் தன்னைக் காத்துக்கொண்டு அணைந்திருக்கிறது. நல்ல அடாப்டர் வாங்கியிருக்கிறீர்கள்.

இதற்குத் தனித்த வெளியீடு ஒன்று கட்டாயம் வேண்டும், அல்லது பேட்டரியிலேயே விட்டுவிடலாம். நானாக இருந்தால் பேட்டரியில்தான் விடுவேன். இந்த வகைப் பெடல் இழுப்பது மிக மிகச் சொற்பம்; சாதாரணக் கார்பன் பேட்டரியே மாதக்கணக்கில் வரும். ஒரே நிபந்தனை, வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மிதித்து அணைத்தால் விளக்குதான் அணையும், பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: ஓவர்டிரைவ் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் ஒலி திறந்து விரிகிறது என்கிறார்கள். எல்லாப் பெடல்களுக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: பெடலின் குறிப்பேட்டில் 18 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். ஃபுல்டோன் ஓசிடி போன்ற சில ஓவர்டிரைவ்கள் 9 முதல் 18 வரை ஏற்பவை. எம்எக்ஸ்ஆர் 10 பேண்ட் ஈக்வலைசர் 18 வோல்ட்டிலேயே இயங்குவது. மின்னழுத்தம் இரட்டித்தால், ஒலி அலை முகடு வெட்டுப்படாமல் உயர இன்னும் இடம் கிடைக்கிறது. நீங்கள் கேள்விப்பட்ட விரிவு அதுதான். மெதுவாக வாசிப்பதற்கும் அழுத்தி வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு கூடுதலாகத் தெரியும். ஆனால் டிஸ்டார்ஷனை டயோடுகளே தீர்மானிக்கும் பெடல்களில் இந்த மாற்றம் சொற்பமாகத்தான் இருக்கும். கூடுதல் பணம் செலவழித்தவர்களுக்கு மட்டும் அது பெரிதாகக் கேட்கிறதோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

கொடுக்கவே கூடாத பெடல்களும் உள்ளன. க்ளோன் சென்டார் வகைப் பெடல்களில், வந்த 9 வோல்ட்டை உள்ளேயே இரட்டிப்பாக்கும் சிறு சிப் ஒன்று இருக்கிறது. அதன் தாங்கும் எல்லையே பத்து வோல்ட்டைச் சற்றுத் தாண்டும் அளவுதான். 18ஐக் கொடுத்த நொடியில் அது போய்விடும். 9 வோல்ட்டுக்கென்று செய்த டிஜிட்டல் பெடல்களுக்கும் இதே கதிதான். அந்தப் பாடத்தை நான் கற்றது ஓர் ஒத்திகை அறையில். அரையிருட்டில் 18 வோல்ட் முனையை டிலேயில் செருகினேன், சத்தமே வரவில்லை. இரண்டு நிமிடம் கேபிள்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெய்ப் பாத்திரம் அடிப்பிடித்தது போலவும் பிளாஸ்டிக் உருகுவது போலவும் கலந்த வாசனை ஒன்று போர்டிலிருந்து எழுந்தது. அன்றிலிருந்து என் 18 வோல்ட் கேபிளின் முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். எல்லா முனைகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் இதைவிட மலிவான காப்பீடு இல்லை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒரு பெடல் பவர் சப்ளை வாங்கி வந்தார். இங்கே செருகலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: அதன் அடியில் உள்ளீடு என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், ஊசிகளை நம் சாக்கெட்டுக்குப் பொருத்தும் மாற்று முனையை மட்டும் வாங்கிச் செருகலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. 230ஐ 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் மின்மாற்றி வேண்டும். கனமான மின்மாற்றி உள்ள பழைய வகைப் பவர் சப்ளைகளில்தான் பெரும்பாலும் இந்த வில்லங்கம் இருக்கும்.

கேள்வி: கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறோம். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து இடைவிடாமல் உறுமல் வருகிறது. ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தோம், உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் மனத்துக்குள் ஓர் உறுத்தல். சரிதானா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உறுத்தியது நல்லதாயிற்று. இன்றே புதிய பிளக் வாங்கி எர்த்து முள்ளை மீட்டுவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கிடாரின் கம்பிகள் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு இணைந்தவை. அந்தக் கிரவுண்டு கேபிள் வழியே ஆம்ப்பின் உலோக உடலோடு இணைகிறது. ஆம்ப்புக்குள் எங்காவது காப்பு கெட்டு மின்சாரம் உடலில் ஏறினால், எர்த்து முள் அதைப் பூமிக்கு அனுப்பி ஃபியூஸைப் போக்கிவிடும். முள்ளை வெட்டிவிட்டால் அந்த 230 வோல்ட் உங்கள் விரலடியில் உள்ள கம்பியில் வந்து காத்திருக்கும். பாடுவதற்காக மைக்கில் உதடு பட்டதும், ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் எர்த்துக்கு அது ஓடும் பாதையில் நீங்கள் நிற்பீர்கள். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், சரியாக எர்த்து செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டில் கிடார் வாசிக்கும்போதே மின்சாரம் தாக்கி இறந்தார். மழை ஈரம் காயாத மேடையில் வெறுங்காலோடு ஏறும் நம்மவர்களுக்கு ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

இனி உறுமலுக்கு வருவோம். ஆம்ப்புக்கு மேடையின் பின்புறமிருந்து ஒரு பாயின்ட், பெடல்போர்டுக்கு முன்புறமிருந்து இன்னொரு பாயின்ட், மிக்சருக்கு எங்கோ மூன்றாவது பாயின்ட் என்று எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு பாயின்ட்டின் எர்த்தும் சற்றே வேறுபட்ட மின்னழுத்தத்தில் இருக்கும். அந்த வேறுபாடு ஒலி கேபிள்களின் உறை வழியே ஓடி 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது. எர்த்தை வெட்டியபோது அந்தச் சுழல் அறுந்தது. உறுமல் நின்ற காரணம் அதுதான். அதே சுழலை ஆபத்தில்லாமலும் அறுக்கலாம். பெடல்போர்டையும் ஆம்ப்பையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். மிக்சருக்குப் போகும் வழியில், ஒலியை அங்கே அனுப்பும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸ் இருந்தால், அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் பொத்தானைத் தட்டுங்கள். அது ஒலி கேபிளின் உறையை மட்டும் துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது. நீட்டிப்புப் பலகைக்கு முன்னால் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தி உடன் எடுத்துச் செல்லுங்கள். மேடை ஏறியதும் கிடாரைத் தொடும் முன், டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், யார் அவசரப்படுத்தினாலும் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: தெருமுனையில் வாசிக்கும்போது பவர் பேங்கில் பெடல்களை இயக்க முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முடியும். பவர் பேங்க் இயல்பாகத் தருவது 5 வோல்ட். கேட்டால் 5க்கு மேற்பட்ட வோல்ட்டையும் தரும் யுஎஸ்பி பிடி வசதி உள்ள பவர் பேங்க் என்றால், 9 வோல்ட் கேட்டு வாங்கும் டிரிகர் கேபிளைப் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு 5ஐ 9 ஆக உயர்த்தும் கேபிள் கிடைக்கிறது. ஆனால் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ரூட்டருக்காகச் செய்தவை, அதாவது நடுத்துளை நேர்முனை. மதுரை மாணவருக்குச் சொன்ன கழித்தல் குறிச் சோதனை இங்கும் பொருந்தும். முனையைத் திசைமாற்றும் சிறு இணைப்புக் கேபிள் தனியாகக் கிடைக்கும். வோல்ட்டை மாற்றும் பொத்தான் உள்ள டிரிகர் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். பையில் கிடந்து பொத்தான் அழுந்தினால் 20 வோல்ட் வந்து நிற்கும்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருப்பது ஏறக்குறைய 37 வாட் மணி. உங்கள் போர்டு 9 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 2.7 வாட், மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் பதினோரு மணி நேரம் ஓடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு டிஸ்டார்ஷனை மட்டும் இணைத்தால், இவ்வளவு குறைவாக இழுப்பது எதுவும் இணைக்கப்படாததற்குச் சமம் என்று கருதி, பல பவர் பேங்குகள் அரை நிமிடத்தில் தூங்கிவிடும். டியூனரையோ டிலேயையோ உடன் சேர்த்தால் விழித்திருக்கும்.

கேள்வி: என் தந்தை 1980களில் வாங்கிய பாஸ் கோரஸ் பெடல் இன்றும் என்னிடம் உள்ளது. புதிதாக வாங்கிய 9 வோல்ட் அடாப்டரில் அதன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது, ஒலியும் நலிந்து கேட்கிறது. விந்தை என்னவென்றால், கிளைக் கேபிளில் வேறொரு பெடலோடு சேர்த்து இணைத்தால் விளக்கு பிரகாசமாகிவிடுகிறது. இது எப்படி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இந்த மாதத்தின் மிகச் சுவையான கேள்வி. பெடலின் மின் ஜாக்கிற்கு அருகில் அல்லது அடியில் ஏசிஏ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 1990களின் பின்பகுதி வரை பாஸ் நிறுவனம் தன் பெடல்களுக்கு ஏசிஏ என்னும் ஒழுங்குபடுத்தாத அடாப்டரைத்தான் விற்றது. 9 என்று அச்சிட்டிருந்தாலும் சிறு பெடல்களில் அது 12 வோல்ட்டுக்கு மேலேயே தரும். அந்த மிகுதியைக் குறைப்பதற்காகப் பெடலுக்குள், அடாப்டர் ஜாக்கின் எதிர்முனை வழியில், ஒரு மின்தடையையும் ஒரு டயோடையும் வைத்திருந்தார்கள். பின்னர் வந்த பிஎஸ்ஏ அடாப்டர் சரியாக 9 வோல்ட் தருவது. உங்கள் புதிய அடாப்டரும் அப்படித்தான். அந்த 9ஐயும் பழைய மின்தடை குறைத்துவிடுவதால் விளக்கு மங்குகிறது.

இன்னொரு பெடலைச் சேர்த்ததும், பேட்ச் கேபிளின் உறை உங்கள் கோரஸின் கிரவுண்டை அடுத்த பெடலின் கிரவுண்டோடு இணைக்கிறது. அந்தப் பெடலில் மின்தடை எதுவும் இல்லாததால், கோரஸின் மின்னோட்டம் தன் ஜாக்கை விட்டுவிட்டு, பக்கத்துப் பெடல் வழியாக வீடு திரும்புகிறது. தூத்துக்குடி வாசகருக்குக் கூவலைக் கொண்டு வந்த அதே குறுக்கு வழி, உங்களுக்கு முழு 9 வோல்ட்டைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறது. ஆகவே இதற்குக் கிளைக் கேபிளே போதும். தனித்த வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை வாங்கினால்தான் மீண்டும் மங்கும். அப்போது 12 வோல்ட் தரும் வெளியீட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளியீட்டில் கோரஸ் மட்டும் தனியாக இருக்க வேண்டும். உடன் வேறு பெடலைச் சேர்த்தால் 12 வோல்ட்டும் குறையாமல் இரண்டுக்குள்ளும் போய்விடும். சாலிடர் தெரிந்த சிலர் மின்தடையையும் டயோடையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பெடலைப் பிஎஸ்ஏ வகையாக மாற்றிவிடுகிறார்கள். தந்தையார் வாங்கியது என்பதால், திறக்காமல் அப்படியே வைத்திருக்கும்படிதான் நான் சொல்வேன்.